கடல் கேள்வி: பவளத்துக்கு நிறம் தருவது யார்?

சென்ற இதழில் மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றிய ஒரு பதிலில், "உயிரோடு இருக்கும் பவளம் பெரும்பாலும் பழுப்பு நிறம்தான்" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. பலருக்குச் சந்தேகம், சிலருக்கு ஏமாற்றம், ஒருவருக்குக் கோபம்கூட. அதனால் இந்த முறை ஆமை, நண்டு, கடற்பசு எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, நிறத்தைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகளை ஏர்வாடிப் பக்கம் கண்ணாடித் தளம் வைத்த படகில் அழைத்துப் போனேன். தொலைக்காட்சியில் பார்த்த ஊதா, பச்சை, இளஞ்சிவப்பு எதையும் காணோம். சாணி நிறத்தில் புதர் புதராகக் கிடந்தது. "இது செத்துப்போய்விட்டதா டீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.
– ஆசிரியை, ராஜபாளையம்

முதலில் அந்தச் சிறுமியிடம் சொல்லிவிடுங்கள், அது சாகவில்லை. வயிறாரச் சாப்பிட்டு வாழ்ந்துகொண்டிருக்கும் பவளத்தைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். சாணி நிறம் என்று அவளுக்குத் தோன்றியது அதன் சாப்பாட்டின் நிறம்.

இதை நான் கண்ணால் கண்டு நம்பிய நாள் இன்றும் நினைவிருக்கிறது. 1984ஆம் ஆண்டு. விலங்கியல் முதுகலை மாணவியாக ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் என்ற கடற்கரை ஊருக்குப் போயிருந்தேன். அலையில் ஒடிந்து, இடுப்பளவு நீரில் இன்னும் உயிர் போகாமல் கிடந்த மான்கொம்புப் பவளத்தின் ஒரு கிளை கிடைத்தது. என் நடுவிரல் நீளம் இருக்கும். (அன்று அதைத் தடுக்கும் சட்டம் இல்லை. இன்று அப்படி எடுக்கக் கூடாது; அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.) எங்கள் பேராசிரியை பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைக் கையில் கொடுத்து, "தேய்த்துப் பார்" என்றார். கடல்நீர் ஊற்றிய கண்ணாடித் தட்டில் வைத்துத் தேய்க்கத் தேய்க்க, நீர் கடுங்காப்பி போலக் கலங்கிக்கொண்டே வந்தது. பத்து நிமிடத்தில் என் கையில் மிஞ்சியது சாக்பீஸ் போன்ற ஒரு வெள்ளைக் குச்சி. நிறம் முழுவதும் தட்டில் இறங்கிவிட்டது. அந்தக் கலங்கலில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். கேழ்வரகைக் கொட்டிவைத்தது போலப் பொன்பழுப்பு உருண்டைகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரை நூறாக வகுத்தால் ஒரு பங்கு அகலம்.

அவைதாம் ஜூஸாந்தெல்லா என்னும் ஒற்றைச் செல் பாசிகள். பவளத்தின் மேலே ஒட்டிக்கொண்டிருப்பவை அல்ல; பாலிப் என்று நாம் சொல்லும் அந்தச் சிறு விலங்கின் உள்தோல் செல்களுக்கு உள்ளேயே குடியிருப்பவை. கட்டைவிரல் நகம் அளவு பரப்பில் பத்து லட்சம், இருபது லட்சம் என்று நெருக்கியடித்து இருக்கும். பகலெல்லாம் வெயிலைப் பிடித்துச் சர்க்கரையும் கொழுப்பும் சமைக்கும். சமைத்ததில் பத்தில் ஒன்பது பங்கு வரை வீட்டுக்காரரான பவளத்துக்கே போய்விடும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இது விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்ட நிலம். நிலமும் எருவும் பவளத்துடையவை, உழைப்பு பாசியுடையது. அந்த எரு வேறொன்றும் இல்லை, பவளத்தின் கழிவில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான். ஆனால் பத்துக்கு ஒன்பது அளக்கும் வாரக்காரரை எந்த மிராசுதாரும் கண்டிருக்க மாட்டார். சத்துக் குறைந்த, தெளிந்த வெப்பக் கடலில் பவளம் பாறை பாறையாகச் சுண்ணாம்பு கட்டி எழுப்புவது இந்த வருமானத்தை வைத்துத்தான்.

பாசிக்குள் பச்சையம் இருக்கிறது. கூடவே பெரிடினின் என்ற செம்மஞ்சள் நிறமியும் நிறைய இருக்கிறது. பச்சையும் செம்மஞ்சளும் கலந்தால் பழுப்பு. அந்தப் பழுப்பிலும் எத்தனை வகை என்று உங்கள் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். புளியின் நிறம், கருப்பட்டியின் நிறம், ஊறவைத்த கொண்டைக்கடலையின் நிறம், கடுகரைத்த நிறம் எல்லாம் உண்டு. ஒரே பவளத்தில்கூட வெயில் படும் முதுகு வெளுத்தும் நிழலான இடுப்பு கறுத்தும் இருக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் இருக்கும் பாசி, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்க நிறமியை அதிகமாகச் சேர்த்துவைத்துக்கொள்வதுதான் காரணம். மன்னார் வளைகுடாவில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைக் கல்பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தப் பழுப்புக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

தொலைக்காட்சியில் பார்த்ததும் பொய்யில்லை. கடல்நீர் சிவப்பு ஒளியை மேலே உள்ள சில மீட்டர்களிலேயே குடித்துவிடும். படம் எடுப்பவர்கள் பக்கத்தில் விளக்கைக் கொண்டுபோய் அந்தச் சிவப்பை மீட்டுத் தருகிறார்கள். இரவில் நீல விளக்கை அடித்து, கேமரா முன் மஞ்சள் கண்ணாடியைப் பொருத்தி எடுத்தால் பவளம் பச்சையாக எரியும். படகின் கண்ணாடி வழியே நண்பகல் வெயிலில் குனிந்து பார்க்கும் பிள்ளைக்கு அது தெரியாது. பவளம் உண்மையில் எப்படி இருக்கிறதோ அதைத்தான் உங்கள் பிள்ளைகள் பார்த்தார்கள்.

பழுப்பு பாசிக்குச் சொந்தம் என்றால் ஊதாவும் பச்சையும் இளஞ்சிவப்பும் யாருக்குச் சொந்தம்?
– கல்லூரி மாணவி, திருச்சி

பவளத்துக்கே சொந்தம். அந்த நிறங்களை விலங்கு தன் உடம்பில் தானே தயாரிக்கிறது. அவை புரதங்கள்.

இதன் முன்கதை ஜெல்லிமீன் என்னும் ஒரு சொறிமீனில் தொடங்குகிறது. 1962இல் ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, அமெரிக்கக் கரையில் பிடித்த சொறிமீனிலிருந்து பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். பிற்காலத்தில் மருத்துவ ஆராய்ச்சியில் செல்களுக்கு அடையாள விளக்கேற்ற அது பயன்பட்டு, 2008இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்தது. 1999இல் ருஷ்ய ஆய்வாளர்கள் பவளத்திலும் அதன் நெருங்கிய உறவினங்களிலும் அதே குடும்பத்துப் புரதங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் சிவப்பாக ஒளிர்ந்ததும் ஒன்று. பவளத்தின் நிறத்தை ஆராய்ந்தவர்கள் அதற்கும் வெகுகாலம் முன்பே இருந்தார்கள். பலாவ் தீவில் இருந்த ஜப்பானிய ஆய்வுக்கூடத்தில் சிரோ கவாகுதி என்பவர் பவளத்தின் பச்சை நிறமியைப் பற்றி 1944இலேயே எழுதியிருக்கிறார். உள்ளிருக்கும் பாசி எந்த வகையைச் சேர்ந்தது என்று வளர்த்துப் பார்த்துச் சொன்னவரும் அவரே.

இந்தப் புரதங்களில் இரண்டு வகை. ஒரு வகை நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பி ஒளிவிடும். இன்னொரு வகை ஒளிவிடாது. ஒளியை விழுங்கி ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் தெரியும். ஆழமில்லாத நீரில் இரண்டுக்கும் முக்கிய வேலை குடை பிடிப்பது. பாசிக்கு வெயில் வேண்டும், ஆனால் நண்பகல் வெயில் அளவுக்கு மீறியது. மிஞ்சிய ஒளியை இந்த நிறமிகள் வடிகட்டிவிடும். ஆழத்தில் இருக்கும் சில பவளங்களில் வேலை தலைகீழ். அங்கே நீல ஒளி மட்டுமே எட்டும். அதைச் செம்மஞ்சள் ஒளியாக மாற்றித் தந்தால் அது திசுவுக்குள் இன்னும் உள்ளே ஊடுருவி, மேலும் பல பாசிகளை எட்டும்.

உன் கடிதத்தின் அடியில், "ஒரே இனத்தில் ஒன்று பழுப்பாகவும் அடுத்தது ஊதாவாகவும் இருப்பது ஏன்?" என்று சின்ன எழுத்தில் கேட்டிருக்கிறாய். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அதுதான். பொசிலோபோரா என்ற காலிஃப்ளவர் போன்ற பவளத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். கையெட்டும் தூரத்தில் இரண்டு கொத்துகள், ஒரே ஆழம், ஒரே வெயில், ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று மர நிறம். நெடுங்காலம் அவற்றை வேறு வேறு இனம் என்றுகூட நினைத்தவர்கள் உண்டு. நிறமியைத் தயாரிக்கும் மரபணுவுக்குப் பவளத்தில் பல பிரதிகள் இருக்கின்றன. எத்தனை பிரதிகள் வேலை செய்கின்றன என்பது ஒவ்வொரு பவளத்துக்கும் மாறுகிறது. அதிகம் வேலை செய்தால் ஆழ்ந்த நிறம், குறைந்தால் பாசியின் பழுப்பு மட்டும் மேலோங்கும். அதோடு வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும். நீல ஒளி அதிகம் படும் நுனியில் ஊதா ஏறும், அதே கிளையின் அடிப்பக்கத்தில் இருக்காது. அதனால்தான், கோபிநாத பிள்ளை போன்ற ஆய்வாளர்கள் மண்டபத்தில் வளர்த்த இந்தியப் பவள வகைப்பாட்டில் இனத்தைச் சொல்ல நிறத்தை நம்புவதில்லை; எலும்புக்கூட்டில் பாலிப் உட்கார்ந்திருக்கும் கிண்ணங்களையும் அவற்றின் தடுப்புச் சுவர்களையும்தான் பார்க்கிறோம். பவள இனத்தை நிறத்தால் சொல்லக் கூடாது என்று என் வகுப்பில் முதல் நாளே எழுதிப் போடுவேன்.

என் பாட்டி காலத்துப் பவள மோதிரம் இன்றும் செக்கச்செவேல் என்று இருக்கிறது. நீங்களோ பழுப்பு என்கிறீர்கள். பவளவாய் என்று பாடியவர்கள் எல்லாம் தவறாகவா பாடினார்கள்?
– இல்லத்தரசி, கும்பகோணம்

தவறாகப் பாடவில்லை, அம்மா. இரண்டும் வேறு வேறு உயிர்கள். தமிழில் பெயர் ஒன்றாகிப்போனதால் வந்த குழப்பம் இது.

உங்கள் மோதிரத்தில் இருப்பது பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் செம்பவளம். அது பாறை கட்டும் பவளம் அன்று. கடலடிக் குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் நிழலிலேயே வாழும். வெயில் இல்லாத இடத்தில் பாசிக்கு வேலை இல்லை. அதனால் அதன் உடம்பில் பாசி கிடையாது. மிதந்து வருவதைப் பிடித்துத் தின்று மிக மெதுவாக வளரும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பருக்காது. அதன் சிவப்பு சதையில் இல்லை, எலும்பிலேயே ஊறியிருக்கிறது. கேரட்டுக்கு நிறம் தரும் குடும்பத்தைச் சேர்ந்த நிறமி அது. அதனால்தான் உயிர் போய் நூறாண்டு ஆன பிறகும் உங்கள் விரலில் சிவப்பு நிற்கிறது. நம் கடலின் பாறைப் பவளத்துக்கு நிறம் முழுவதும் சதையில்; சதை போனால் நிறமும் போய்விடும்.

சங்கப் புலவர்கள் துகிர் என்று சொன்னதும் சிவந்த பவளத்தைத்தான். ரோமானியக் கப்பல்கள் மேலைக்கரைத் துறைமுகங்களுக்குக் கொண்டுவந்த சரக்குகளில் பவளமும் ஒன்று. இந்திய முத்துக்கு ரோமானியர் எவ்வளவு மதிப்புக் கொடுத்தார்களோ அவ்வளவு மதிப்பை இந்தியர் பவளத்துக்குக் கொடுத்தார்கள் என்று முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதிவைத்திருக்கிறார். இங்கிருந்து கொற்கை முத்து அங்கே போனது. அங்கிருந்து செம்பவளம் இங்கே வந்தது. பாட்டியின் மோதிரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மான்கொம்புப் பவளத்தின் நுனிகள் எல்லாம் வெள்ளை வெள்ளையாக இருக்கின்றன. வெளிறல் நோய் வந்துவிட்டதா?
– சங்கு குளிக்கும் தொழிலாளியின் மகன், கீழக்கரை

இல்லை தம்பி. நுனி மட்டும் வெளுத்து, அதற்குக் கீழே கிளை பழுப்பாக இருந்தால் அது வளர்ச்சி. நம் வேப்பங்கொழுந்து இளஞ்சிவப்பாகத் துளிர்ப்பது போல. நுனி வேகமாக வளர்வதால் பாசி அங்கே இன்னும் போய்க் குடியேறவில்லை, அவ்வளவுதான்.

நீ கவனிக்க வேண்டிய வெள்ளை வேறு. கிளை முழுவதும், அடி முதல் நுனி வரை, உப்பளத்து உப்பு போல வெளுத்துவிட்டால் அது வெளிறல். அப்போதும் உயிர் இருக்கலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தால், கண்ணாடி போன்ற மெல்லிய சதை பளபளக்கும். சிறிய கைகள் நீண்டு அசையும். சதையே இல்லாமல் சொரசொரப்பான எலும்பு மட்டும் தெரிந்தால், அதை நத்தையோ முள்முடி நட்சத்திரமீனோ தின்றிருக்கும், அல்லது நோய் அரித்திருக்கும். அதன்மேல் சில நாட்களிலேயே பச்சைப் பாசி நார் படர ஆரம்பித்துவிடும். அது முடிந்துபோன பவளம்.

பாறாங்கல் போன்ற உருண்டைப் பவளத்தின்மேல் அம்மை போட்டது போல இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருப்பதையும் நீ எழுதியிருந்தாய். போரைட்டஸ் வகைப் பவளம் காயம் பட்ட இடத்தில் இளஞ்சிவப்பாகும். நமக்குக் கொசு கடித்த இடம் சிவப்பது போல என்று வைத்துக்கொள். ஹவாய்த் தீவுகளில் இதற்கு ஒரு புழுவும் காரணம். அதன் குஞ்சு பாலிப்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பாலிப் வீங்கிச் சிவந்து உள்ளே இழுத்துக்கொள்ள முடியாமல் நிற்கும். வண்ணத்துப்பூச்சி மீன் வந்து அந்தச் சிவந்த பாலிப்பைக் கொத்தித் தின்னும். புழுவுக்கு வேண்டியது அந்த மீனின் வயிறுதான்!

நியூ கலிடோனியாவில் கடல் சூடானபோது பவளங்கள் ஊதா, மஞ்சள், நீலமாக விளக்குப் போல ஒளிர்ந்த படங்களைப் பார்த்தேன். மிக அழகாக இருந்தன. அவை சாகும் பவளங்கள் என்று நண்பர் சொல்கிறார். நம்ப முடியவில்லை.
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

நண்பர் சொன்னது பாதி சரி. மீதியைச் சொல்வதற்கு முன்பு, 2016 மே மாதம் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

அப்போது நான் பணி ஓய்வு பெற்றிருந்தேன். முன்னாள் மாணவர் ஒருவர் வனத்துறை அனுமதியோடு மண்டபம் பக்கத்துத் தீவு ஒன்றில் கணக்கெடுக்கப் போனார்; என்னையும் அழைத்தார். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று இன்னும் எழவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. படகிலிருந்து இறங்கியபோது நீர் உடம்புக்குக் குளிர்ச்சி தரவில்லை. ஆறிய வெந்நீர் போல இருந்தது. முப்பது ஆண்டுகளாகக் கருப்பட்டி நிறத்தில் பார்த்துப் பழகிய இடம் அது. கீழே பார்த்தால் இரவில் பனி பெய்த வயல் போல ஒரே வெள்ளை. நடுவில் மான்டிபோரா என்ற தட்டு வடிவப் பவளங்கள் சில மட்டும் வெளிர் ஊதாவாக, மிக அழகாக, தெரிந்தன. கூட வந்த இளம் மாணவி நீரிலிருந்து தலையைத் தூக்கி, "எவ்வளவு அழகு அம்மா" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கு அன்று முகமூடிக்குள் கண்ணீர் வந்துவிட்டது.

நடந்தது இதுதான். கோடையில் அந்தந்தக் கடலில் வழக்கமாக இருக்கும் உச்ச வெப்பத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, அது நான்கைந்து வாரம் நீடித்தால் போதும். வெயிலைப் பிடிக்கும் பாசியின் உறுப்பு பழுதாகி, சர்க்கரைக்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற நச்சுப் பொருட்களைக் கக்கத் தொடங்கும். இத்தனை நாள் சோறு போட்ட கை விஷம் வைக்கிற நிலை. பவளம் பாசியை வெளியே தள்ளுகிறது, அல்லது செரித்துவிடுகிறது. பழுப்புப் போனதும் சதை கண்ணாடி ஆகிறது. உள்ளே இருக்கும் வெள்ளை எலும்பு தெரிகிறது. வெளிறல் என்பது அதுதான். அந்த நேரத்தில் பவளம் இறந்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. சேமித்த கொழுப்பை வைத்துச் சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும்.

இப்போது உங்கள் வண்ணப் படங்களுக்கு வருகிறேன். பாசி போனதும் திசுவுக்குள் வெளிச்சம் பெருகுகிறது. போதாததற்கு வெள்ளை எலும்பும் அதைத் திருப்பி அடிக்கிறது. அந்த நீல ஒளியே பவளத்தைத் தூண்டி, நான் மேலே சொன்ன குடை நிறமியை அளவுக்கு மீறித் தயாரிக்க வைக்கிறது. பழுப்புத் திரையும் இல்லாததால் ஊதாவும் மஞ்சளும் விளக்குப் போலத் தெரிகின்றன. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு 2020இல் இதை விளக்கியது. இரண்டு மூன்று வாரத்தில் நிறம் ஏறிவிடுகிறது. வெயில் குறைந்தால் பாசி திரும்பி வந்து குடியேற வசதியாக இருக்கும். அதற்காகத்தான் பவளம் இந்தப் பாடுபடுகிறது. மிதமான அல்லது குறுகிய காலச் சூட்டில்தான் இது நடக்கும். சூடு கடுமையானால் நிறமி தயாரிக்கவும் தெம்பு இருக்காது, வெறும் வெள்ளைதான். ஆகவே நீங்கள் பார்த்தவை உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த பவளங்கள். சில பிழைத்திருக்கும்.

நம் கடலில் அந்த ஆண்டு எல்லாம் பிழைக்கவில்லை. தென்மேற்குக் காற்று எழுந்து நீரைக் கலக்கிச் சூட்டைத் தணித்த பிறகு எண்ணிப் பார்த்தபோது, மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்தது. அக்ரோபோரா என்னும் கிளைவிடும் மான்கொம்புப் பவளமும் தட்டுத் தட்டான மான்டிபோராவும் அதிகம் மடிந்தன. உருண்டைப் போரைட்டஸ் பெரும்பாலும் மீண்டது. 1998, 2010, 2016 என்று அடி மேல் அடி. 2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் ஏற்றிய சூடு இது. மீனவர் வலையோ நங்கூரமோ செய்த வேலை இல்லை. இதைக் கரையோர மக்கள் தலையில் கட்டும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

போன பாசி திரும்பி வருமா? சூடு தாங்கும் பாசி இருக்கிறதாமே, அது வந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?
– வாசகர், திருகோணமலை

திரும்பி வரும். வெளிறிய பவளத்திலும் பாசி அடியோடு ஒழிவதில்லை. சிறிதளவு உள்ளே ஒளிந்திருக்கும், கடல்நீரிலும் திரியும். சூடு தணிந்தால் அது பெருகிச் சில மாதங்களில் பழுப்பு மீளும். குஞ்சுப் பவளங்கள் முதன்முதலில் பாசியைப் பெறுவதும் இரண்டு வழியில்தான். போரைட்டஸ், மான்டிபோரா போன்றவை முட்டையிலேயே சீதனமாகக் கொடுத்து அனுப்பும். அக்ரோபோராவின் குஞ்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடலில் தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சூடு தாங்கும் பாசி இருப்பதும் உண்மை. இவை எல்லாம் ஒரே இனம் என்று வெகுநாள் நினைத்திருந்தார்கள்; 2018இல் பல பேரினங்களாகப் பிரித்துப் பெயரிட்டார்கள். அதில் டுருஸ்டினியம் என்ற பேரினத்தைச் சேர்ந்த சில, ஒன்று அல்லது ஒன்றரை டிகிரி கூடுதல் சூட்டைத் தாங்கும். ஆனால் அது கெட்டிக்கைக்காரக் குடித்தனக்காரர். வீட்டுக்காரருக்குக் குறைவாகவே அளக்கும். அதை வைத்திருக்கும் பவளம் மெதுவாக வளரும். வெப்பம் ஒன்றரை டிகிரியோடு நிற்கப்போவதும் இல்லை. அதனால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் காலம் கிடைக்கும் என்று சொல்வேன்.

உங்கள் ஊருக்கு அருகிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டியை அடுத்த கடலிலும் முருகைக்கற்பாறைகள் என்று நீங்கள் சொல்லும் பவளப் பாறைகள் பெருமளவில் மாண்டபோது, உங்கள் புறாத்தீவுப் பாறைகள் பெரிய சேதமின்றித் தப்பின. 2003இல் அது தேசியப் பூங்கா ஆனது. அங்கே நீங்கள் போகும்போது காலை அதன்மேல் வைத்துவிடாதீர்கள்.

மீன்தொட்டியில் வைக்க வண்ணப் பவளம் எங்கே வாங்கலாம்?
– வாசகர், சென்னை

கல்பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். 2001 முதல் அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில் இருக்கிறது. செத்த வெள்ளைப் பவளத்துக்கும் இது பொருந்தும். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல்லாண்டு வெட்டி எடுத்ததில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகளே நீருக்குள் போய்விட்டன. வாங்க வேண்டாம் ஐயா.

பவளம் நலமாக இருக்கிறதா என்று எங்களைப் போன்றவர்கள் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– நீச்சல் பயிற்சியாளர், ராமேஸ்வரம்

உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய கோரல் வாட்ச் திட்டத்தில் ஓர் அட்டை தருகிறார்கள். நீரில் நனையாத, உள்ளங்கை அகல அட்டை. பி, சி, டி, இ என்று நான்கு வண்ண வரிசைகள். ஒவ்வொன்றிலும் வெளிறிய 1 முதல் ஆழ்ந்த 6 வரை ஆறு கட்டங்கள். அனுமதி உள்ள இடத்தில், பவளத்தைத் தொடாமல் அட்டையை அதன் அருகே பிடித்து, மிக வெளுத்த இடத்துக்கு ஓர் எண்ணும் மிக ஆழ்ந்த இடத்துக்கு ஓர் எண்ணும் குறித்துக்கொள்ள வேண்டும். மான்கொம்பின் நுனியை விட்டுவிடுங்கள். மேலே கீழக்கரைத் தம்பிக்குச் சொன்ன காரணம்தான். சூரியன் மேகத்துக்குள் போகும்போது அவசரப்பட்டுக் குறிக்காதீர்கள். மறுமாதமும் அதே பவளத்துக்குப் போங்கள். இரண்டு கட்டம் இறங்கியிருந்தால் பாசி போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

என் அட்டை ஓரம் தேய்ந்து, உப்புப் பூத்துப்போய் இன்னும் கைப்பையில் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில், மண்டபம் பக்கத்து அந்தத் தீவின் தென்முனையில் ஆள் உயரம் நிற்கும் ஓர் உருண்டைப் பவளத்துக்காகப் பென்சிலால் எழுதிய இரண்டு வரிகள் இருக்கின்றன. 2016 மே: டி 1. 2017 பிப்ரவரி: டி 5.